டீசல் மெக்கானிக் ட்ரேட் டெஸ்ட்: மாஃப் சென்சார் ஃபால்ட் வந்தா எப்படி போகணும்

மெக்கானிக்னு சர்டிஃபிகேட் வாங்குறதுக்கான ட்ரேட் டெஸ்ட்டுக்கு போற நம்ம பசங்க கியர்பாக்ஸ், இன்ஜெக்டர், வால்வ் கிளியரன்ஸ்னு ராப்பகலா படிக்கிறாங்க, ஆனா எலக்ட்ரிகல் ஃபால்ட் ஃபைண்டிங் மட்டும் ஸ்கேனர் பாத்துக்கும்னு விட்டுடுறாங்க. அங்கதான் ஆப்பு. நான் ஏஆர்பிஎல் வழியா போனவன், அதாவது கையில பேப்பர் இல்லாம ஒர்க்ஷாப்லயே வேலை கத்துக்கிட்டு அந்த அனுபவத்த காட்டி டெஸ்ட் எழுதுறது, தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்மாளுங்க நிறைய பேர் இப்படித்தான் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் ஓலிஃபன்ட்ஸ்ஃபொன்டெய்ன்ல இருக்குற இன்ட்லேலாங்கிற அரசாங்க டெஸ்ட் சென்டர்ல எழுதினேன். எனக்கு வந்த டாஸ்க் ஒரு 2 லிட்டர் டர்போ டீசல், பவர் இல்ல, ஆக்சிலேட்டர் குடுத்தா கரும்புகை, இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0101. இது மாஃப் சென்சார், அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்த அளக்குற சென்சார் பத்தின ஃபால்ட் கோட்.

முதல்ல கோட படிக்க கத்துக்கோங்க. பி0102 வந்தா சிக்னல் ரொம்ப கம்மி, பி0103 வந்தா ரொம்ப அதிகம், ரெண்டுமே ஒயரு, ப்ளக்கு, சென்சார் பக்கம் போகச் சொல்லும். பி0101 அப்படி இல்ல. சிக்னல் வருது, ஆனா அந்த நம்பர் இந்த இன்ஜினுக்கு பொருந்தலன்னு இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், சொல்லுது. அதுக்கு சென்சார்தான் காரணம்னு எங்கயும் சொல்லல. இத பாத்ததும் "மாஃப் போச்சு, மாத்தணும்"னு ஜாப் கார்டுல எழுதினா வேலை தெரியாதவன்னுதான் அர்த்தம்.

சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு உங்க வாயால சொல்ல தெரியணும், டெஸ்ட் எடுக்குற அசெஸர் நிச்சயம் கேப்பாரு. உள்ள ஒரு சின்ன ஃபிலிம் சூடா இருக்கும், போற காத்து அத குளிர வைக்கும், மறுபடி அதே சூட்டுல வைக்க எவ்வளவு கரண்ட் வேணுமோ அதுதான் எவ்வளவு காத்து போச்சுங்கிற கணக்கு. பெட்ரோல் வண்டில இத வச்சு நேரா பெட்ரோல் அளவ முடிவு பண்ணும், டீசல்ல முக்கியமா இஜிஆர், அதாவது எக்ஸாஸ்ட் காத்துல கொஞ்சத்த திருப்பி இன்ஜினுக்குள்ள விடுற வால்வ், எவ்வளவு திறக்கணும், புகை வராம எவ்வளவு டீசல் அடிக்கலாம்னு பாக்கத்தான் இது. அதனாலதான் டீசல்ல ப்ளக்க கழட்டினாலும் பெரும்பாலும் வண்டி ஓடும், இசியூ தானா ஒரு வேல்யூ போட்டுக்கும். கழட்டினா நல்லா இழுக்குதேன்னு அத மட்டும் வச்சு சென்சார குத்தம் சொல்லாதீங்க, அது ஒரு சந்தேகம்தான், சாட்சி இல்ல.

மீட்டர எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க. ஏர் ஃபில்டர், பாக்ஸ் மூடி, சென்சார்ல இருந்து டர்போ வரைக்கும் வர்ற பைப், அப்புறம் டர்போவுல இருந்து இன்ஜினுக்கு காத்து போற இன்டர்கூலர் ஹோஸ். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவுல ஓட்டை இருந்தா காத்து அளக்காம உள்ள போகும், ரீடிங் கம்மியா காட்டும். டர்போவுக்கு அப்புறம் கிழிஞ்சிருந்தா ரீடிங் நல்லாத்தான் இருக்கும், ஆனா பூஸ்ட், அதாவது டர்போ குடுக்குற காத்தழுத்தம், ஏறாது, அளந்த காத்து வெளிய போயிடுது, டீசல் மட்டும் முழுசா போகுது, அதான் கரும்புகை. இந்த கிழிசல் மேல இருந்து பாத்தா தெரியாது. ஹோஸுக்கு அடிப்பக்கம் கிளாம்ப் ஒட்டின இடத்துல டார்ச் அடிச்சு பாருங்க, ஆயில் கசிஞ்சு அதுல தூசி ஒட்டி கருப்பா ஈரமா ஒரு திட்டு இருக்கும், அங்க விரல வச்சு அழுத்துனா வாய் திறக்கும்.

அப்புறம் மீட்டர். ப்ளக்குல 12 வோல்ட் சப்ளை வருதா, கிரவுண்ட்ல வோல்டேஜ் டிராப் 0.1 வோல்ட்டுக்கு கீழ இருக்கா, இன்ஜின் ஓடும்போது பாக்கணும், சும்மா நிறுத்தி வச்சு பாத்தா கெட்ட கிரவுண்ட் கூட நல்லதா தெரியும். பின்னால இருந்து ப்ரோப் வைங்க, ஒயர் தோல குத்தாதீங்க. சிக்னல வோல்ட்ல குடுக்குற அனலாக் டைப்பா இருந்தா பல வண்டில கீ ஆன், இன்ஜின் ஆஃப்ல சுமார் 1 வோல்ட் இருக்கும். ஃப்ரீக்வென்சி டைப்னா மீட்டர ஹெர்ட்ஸ்ல வைக்கணும். சரியான வேல்யூ எதுன்னு மேனுவல திறந்து பாருங்க, டெஸ்ட்ல மேனுவல் பாக்குறது தப்பே இல்ல, பாக்காம விடுறதுதான் தப்பு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், இத யாரும் சொல்லி தரல்ல. நம்ம டர்பன் கடல் மட்டத்துல இருக்கு, ஓலிஃபன்ட்ஸ்ஃபொன்டெய்ன் சுமார் 1,500 மீட்டர் மேல. காத்து அங்க லேசு. கணக்கு போட்டு பாருங்க: 2 லிட்டர் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் முழு 2 லிட்டர் இழுக்கும், அப்ப 800 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 800 லிட்டர் காத்து, டர்பன்ல ஒரு லிட்டர் காத்து கிட்டத்தட்ட 1.2 கிராம், அப்ப செகண்டுக்கு 16 கிராம், சிலிண்டர் முழுசா நிறையாதுன்னு கழிச்சா 13, 14 நிக்கும், இது இஜிஆர் மூடியிருக்கும்போது. அதே இன்ஜின அங்க கொண்டு போனா லிட்டருக்கு 1 கிராம்தான், ரீடிங் 11 பக்கம் வரும். டர்பன் நம்பர மனப்பாடம் பண்ணிட்டு போனவன் 11 பாத்ததும் சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவான்! அதனால முதல்ல இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம கீ ஆன்ல பாரோமெட்ரிக் பிரஷர் பாருங்க, டர்பன்ல 101 கிலோபாஸ்கல், அங்க 85 பக்கம், அத வச்சு கணக்கு போடுங்க. யாராவது என்3 ஹைவேல ஜோபர்க் போறாங்கன்னா ஸ்கேனரோட கூட போங்க, வான் ரீனன் பாஸ் ஏறும்போது அந்த நம்பர் இறங்கறத கண்ணால பாத்தா பரிட்சையில மறக்காது.

எனக்கு ஐடில்ல 7 கிராம்தான் வந்துச்சு. கணக்குப்படி வர வேண்டிய 11ல மூணுல ரெண்டு பங்கு கூட இல்ல. இவ்வளவு குறைஞ்சாலே இஜிஆர் ஞாபகம் வரணும், ஏன்னா எக்ஸாஸ்ட் காத்து உள்ள வந்து இடத்த அடைச்சிக்கிட்டா புது காத்து அந்த அளவு குறையும். ஸ்கேனர்ல இஜிஆர மூடச் சொல்லி கமாண்ட் குடுத்தேன், ரீடிங் அசையல. வால்வ கழட்டி பாத்தா கார்பன் கட்டி திறந்தபடியே நிக்குது. சுத்தம் பண்ணி மாட்டினதும் 11க்கு வந்துடுச்சு. சென்சார் நல்ல சென்சார். நல்ல சென்சார தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டினவங்க நிறைய பேர நான் பாத்திருக்கேன், காசு போனதுதான் மிச்சம், கோட் திரும்ப வந்து நிக்கும்.

சென்சாரே அழுக்கா இருக்கவும் செய்யும், அதுவும் நம்ம பக்கம். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கிற சீசன்ல சாம்பல் பறந்து வந்து விழும், ஃபில்டர் சரியா உக்காரலன்னா அது நேரா ஃபிலிம்ல போய் ஒட்டும். மாஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடிங்க, பிரேக் கிளீனர் வேணாம், துணி, பட்ஸ் எதுவும் உள்ள விடாதீங்க, நல்லா காஞ்ச பிறகுதான் கீ ஆன். மாட்டும்போது காத்து போற திசை அம்புக்குறிய பாருங்க.

ஜாப் கார்டுல ரிப்பேருக்கு முன்னாடி ரீடிங், பின்னாடி ரீடிங், பாரோ எவ்வளவு, எந்த டெஸ்ட் எதுக்கு பண்ணீங்க எல்லாம் எழுதுங்க. செய்யும்போதே வாய் விட்டு சொல்லிக்கிட்டே செய்ங்க, நம்ம பசங்க வேலை தெரிஞ்சும் பேசாம நிக்கிறாங்க, அசெஸருக்கு உங்க மனசுல ஓடுறது எப்படி தெரியும்? கடைசில கோட அழிச்சிட்டு, வண்டி கேட்டா இஜிஆர் அடாப்டேஷன், அதாவது வால்வோட நிலைய இசியூவுக்கு புதுசா கத்துக்குடுக்குறது, பண்ணிட்டு, லோடு குடுத்து ஓட்டி மறுபடி ஸ்கேன் போடுங்க, பி0101 திரும்ப வரலன்னு அசெஸர் கண்ணால பாத்த பிறகு டூல்ஸ எண்ணி பாக்ஸ்ல வைங்க.