அந்த மஞ்சள் பூ

மசினகுடி போய்வந்த நண்பர், காடெல்லாம் மஞ்சள் பூ என்று படம் போட்டிருந்தார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மஞ்சக்கொன்னை. அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்த அமெரிக்க மரம், இன்று முதுமலைக்குள் பரவிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் சரியாக முளைப்பதில்லை. மான் எதைத் தின்னும்? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், இல்லை பட்டையை உரித்துக் காயவிட வேண்டும். அப்புறமும் மண்ணில் விதை கிடக்கும். வருஷாவருஷம் அதே இடத்துக்குப் போகணும். வெட்டிய மரத்தைக் காகித ஆலைக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இதேபோல அழகுக்காக வந்ததுதான் உண்ணிச்செடியும். அந்தக் குச்சிகளை வளைத்து கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் நிஜ யானை அளவிலேயே யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா?