வேற என்ன போடப் போறீங்க?

"மூட்டு ரிஜிட் என்றே போடவா, சேர்?" என்று மூத்த பொறியியலாளரிடம் கேட்டேன். கணினி மொடலில், பீமும் தூணும் சேரும் மூட்டு கொஞ்சமும் நெகிழாது என்று வைத்துக்கொள்வதுதான் ரிஜிட்.

"வேற என்ன போடப் போறீங்க, தம்பி?" என்றார்.

அவர் உண்மையாகவே கேட்டாரோ என்று இப்போதும் யோசிக்கிறேன். பதில் என்னிடம் இருந்தது. "சரி சேர்" என்று மட்டும் சொன்னேன்.

மட்டக்களப்பு கல்லடியில் எழும் மூன்று மாடிக் கட்டடத்துக்கான இரும்புச் சட்டகம் அது. பணம் தருபவர்கள் பூமியதிர்ச்சிக் கணக்கும் கேட்டிருந்தார்கள். 1978 சூறாவளியைக் கண்ட ஊர் இது, இங்கே முதலில் நினைப்பது காற்றைத்தான். சேரின் நியாயமும் பிழையல்ல. மூட்டு விறைப்பாக இருந்தால் கட்டடம் ஒருமுறை ஆடிவர எடுக்கும் நேரம் குறையும், பெரும்பாலும் பூமியதிர்ச்சி விசை கூடும். கூடிய விசைக்கு வடிவமைத்தால் பயமில்லை.

ஆனால் விசை மட்டும்தானா? அன்றிரவு வீட்டில் இருந்து, மூட்டுக்குள் அகப்படும் தூணின் தகடு சரிவதைக் காட்ட ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு மொடலை மறுபடி ஓடவிட்டேன். விசை குறைந்தது, மாடிகளின் பக்கத் தள்ளல் கூடியது. எல்லைக்குள்தான் நின்றது. அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லை தாண்டியிருந்தால் சொல்லியிருப்பேனா?

சரி, சொல்லியிருந்தாலும் என்ன? 1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நார்த்ரிட்ஜில் பூமி ஆடியபோது, பீம்தான் வளைந்து கொடுக்கும் என்று நம்பிக் கட்டிய சட்டகங்களில் வெல்டிங்கிலேயே வெடிப்பு விழுந்தது, பெரும்பாலும் பீமின் கீழ்ப் பட்டையில், அதாவது அதன் அடியில் படுத்திருக்கும் தகட்டில். கட்டடங்கள் விழவில்லை, மூடிய பலகைகளைக் கழற்றிய பிறகுதான் பல வெடிப்புகள் தெரியவந்தன. எளிதில் முறியும் வெல்டிங் உலோகமும், வெல்டிங்குக்கு அடியில் வைத்து எடுக்காமல் விட்ட அடிப்பட்டை என்ற இரும்புத் துண்டும் காரணங்களில் சில. அந்த அடிப்பட்டையின் ஓரம் ஒரு கீறல்போல நின்று வெடிப்பைத் தொடங்கி வைக்கும். என் ஸ்பிரிங்குக்கும் அது தெரியாது.

பிறகு தளத்துக்குப் போனபோது வெல்டிங் அண்ணன் கீழ்ப் பட்டையை மேலிருந்து குனிந்து, பீமின் நடுத்தகட்டில் விட்ட துளை வழியாக ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தித் தொடங்காமல் அதை முடிக்க முடியாது. "அடிப்பட்டையை வெட்டி எடுத்து, உரசி விடுங்க அண்ணன்" என்றேன். "படத்தில அப்பிடி இல்லையே தம்பி" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கிரைண்டரை எடுத்தார்.

அது இரண்டாம் மாடி. முதல் மாடி மூட்டுகளுக்கு ஏற்கெனவே பெயின்ட் அடித்து முடிந்திருந்தது. அவற்றைப் பற்றி நான் அவரிடமும் கேட்கவில்லை, சேரிடமும் சொல்லவில்லை.