கேம் போட்டால் மட்டும் ரீஸ்டார்ட்: மூன்று வாரத் தேடல்

வள்ளியூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருப்பது, நான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். பிராசஸர் ரைசன் 5 5600எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3070, உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 650 வாட். ஆனி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. கேம் ஓடும்போதே திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வராது. ஒரு நாள் இரண்டு தடவை, அப்புறம் இரண்டு நாள் ஒன்றுமே இருக்காது. நாள் முழுக்கப் படம் ஓடினாலும் எக்செல் வேலை பார்த்தாலும் அசையாது.

முதல் சந்தேகம் சூடு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இந்தப் பருவத்தில் மண்ணை வாரி இறைக்கும். சைடு பேனலைக் கழற்றினால் ஃபேன் இறக்கை எல்லாம் செம்புழுதி. புளோயரால் ஊதினேன், பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன். கேமில் பிராசஸர் 70 டிகிரி, கார்டு 73. நல்ல அளவுதான், ஆனாலும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை 4 சுற்று ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. கார்டுக்கு ஒரே கேபிளில் இருந்த இரண்டு முனைகளை விட்டுவிட்டு, தனித்தனிக் கேபிள் கொடுத்தேன். ஒரு 8 பின் இணைப்புக்குக் கணக்கு 150 வாட், அதனால் அது எப்படியும் செய்ய வேண்டியதே.

இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், முறையாக நிற்காமல் ரீஸ்டார்ட் ஆனதைச் சொல்லும் கெர்னல்-பவர் 41 பதிவு, அதில் பிழை எண்ணான பக்செக் கோடு 0. விண்டோஸ் தடுமாறி நீலத்திரைக்குப் போயிருந்தால் அந்த இடத்தில் வேறு எண் பதிவாகியிருக்கும். 0 என்றால் பெரும்பாலும் கரண்டே ஒரு கணம் போயிருக்கிறது. சரி, எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவுகட்டி, புதிது வாங்க விலைகூட விசாரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆச்சி மாடிக்கு வந்திருந்தாள். திரை கறுத்ததும் சொன்னாள்: "எய்யா, அந்தக் கருப்புப் பொட்டி டொக்குன்னுச்சுல்லா, அப்பந்தான் இது போச்சு." கருப்புப் பெட்டி என்றது யூபிஎஸ்ஸை, கரண்ட் போனால் பேட்டரியில் தாங்குவதற்காகக் கம்ப்யூட்டரை மாட்டியிருந்த பெட்டி. கேம் விளையாடும்போது என் காதில் எப்போதும் ஹெட்செட் இருக்கும். அந்தச் சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதே நேரம் கீழே அம்மா தண்ணீர் மோட்டார் போட்டிருந்தாள்.

பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். கேமில் 380 வாட் வரை போகிறது. என் 600 விஏ யூபிஎஸ்ஸின் பின்பக்கம் 360 வாட் என்று போட்டிருக்கிறது. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், வோல்டேஜ் சரியும். உடனே யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும். அந்தச் சில மில்லி நொடி இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துத்தான் தாண்ட வேண்டும். சும்மா இருக்கும்போது அது எளிது. கேமில் சீக்கிரம் தீர்ந்துவிடும். யூபிஎஸ்ஸும் தாங்காத சுமையை ஏற்கத் தடுமாறும்.

சோதித்தே பார்த்தேன். கேம் ஓடும்போது மோட்டாரை 5 தடவை போடச் சொன்னேன். 4 தடவை ரீஸ்டார்ட். டெஸ்க்டாப்பில் சும்மா வைத்து 5 தடவை, ஒன்றுமில்லை. பிறகு யூபிஎஸ்ஸை விட்டுச் சுவர் பாயின்ட்டில் நேரடியாக மாட்டி, கேமோடு 10 தடவை. டியூப்லைட் மங்கியது, கம்ப்யூட்டர் ஓடியது. எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கிறது, மோட்டார் போடும் சரிவெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. 200–240 என்று மட்டும் போட்ட எஸ்எம்பிஎஸ்களும் உண்டு, இதைச் செய்யுமுன் லேபிளைப் பாருங்கள்.

இப்போது மானிட்டரும் ரவுட்டரும் மட்டும் யூபிஎஸ்ஸில். கம்ப்யூட்டர் தனி 16 ஆம்ப் பாயின்ட்டில். 19 நாள் ஆயிற்று, ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. கரண்ட் போனால் கேமும் போகும், அதற்கு வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் யூபிஎஸ், 1000 விஏவுக்கு மேல், காசு சேர்ந்ததும் வாங்க வேண்டும்.