சாமான் பரப்புவது யாருடைய ஆசை?

கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஊர் பார்க்கப் பரப்பி வைப்பது எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம். எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் பேசி முடிந்த மறுநாளே பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, சம்பந்தி வீட்டார் தங்கமானவர்கள், இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் சிக்கலே. கேட்டிருந்தால் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். கேட்காதபோது ஊர் என்ன எதிர்பார்க்கும் என்று நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஊகம் கூடிக்கொண்டு போகுமே தவிரக் குறைந்து நான் பார்த்ததில்லை.

போன வைகாசியில் பள்ளத்தூர்ப் பக்கம் நெருங்கின சொந்தத்தில் ஒரு கல்யாணம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி, நாலு பக்கமும் சாமான் பரப்பியிருந்தது. வெள்ளி தனியாக மேசையில், அப்புறம் பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, எவர்சில்வர் அடுக்குகள், கண்ணாடிச் சாமான், மரவை, கொட்டான், தடுக்கு, தேங்காய்த் துருவி, விளக்குமாறு வரைக்கும் எல்லாமே டஜன் கணக்கில். ஆச்சிமார்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் குனிந்து ஒரு வெள்ளிக் குடத்தைத் தூக்கிக் கையிலேயே எடை பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். தூண் ஓரமாக நின்ற பெண்ணின் தாயாருடைய கண் அந்தக் கையைவிட்டு அகலவே இல்லை.

சாப்பாடு முடிந்து இரண்டாங்கட்டில் பெண்ணின் தாயாரோடு உட்கார்ந்திருந்தேன். "என்ன அயித்தை, இவ்வளவும் எங்கெ வெக்கப் போறாக, பிள்ளைக இருக்கப்போறது பெங்களூருல ரெண்டு ரூம் வீடுல்ல" என்றேன். "எனக்கு மட்டும் தெரியாதா? எங்களுக்கு இஷ்டமே இல்ல. அவுக வீட்டுல என்ன நெனப்பாகளோன்னுதான்" என்றார். சாயங்காலம் மாப்பிள்ளையின் தாயாரிடம் பேச வாய்த்தது. அவர் சொன்னது: "நாங்க ஒண்ணும் கேக்கல. ஆசைப்பட்டுச் செய்யுறாக, வேண்டாம்னு சொன்னா அவுக மனசு சங்கடப்படும், அதான் பேசாம இருந்துட்டோம்." இரண்டு வீட்டுக்கும் வேண்டாத ஒன்று, இரண்டு வீட்டாரும் அடுத்தவருக்கு வேண்டும் என்று நினைத்ததால், பல லட்சத்தில் நடந்து முடிந்திருக்கிறது. அன்று ராத்திரி முழுக்க எனக்கு இதே நினைப்புதான்.

இப்படி ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒன்றை வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரும் அதை விரும்புகிறார்கள் என்று நம்பி வெளியே தலையாட்டுவதை உளவியல்காரர்கள் 1930-களிலிருந்தே எழுதிவருகிறார்கள். சவுதி அரேபியாவில், ரியாத் நகரில், இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு 2020-ல் வெளியானது. கல்யாணமான இளைஞர்களிடம் பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா என்று தனியாகக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் போகலாம் என்றார்கள். உன்னைப்போல இங்கே எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் உண்மையைவிடக் குறைவாகச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து விசாரித்தபோது அவர்கள் வீட்டுப் பெண்களில் கூடுதலான பேர் வெளி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், நேர்காணலுக்கும் போயிருந்தார்கள். உபதேசம் இல்லை, சட்டம் இல்லை, பக்கத்தில் இருப்பவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது மட்டும்தான்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. முறை, சீர் என்ற பேரில் நடப்பதை அது தொடவே முடியவில்லை, ஏனென்றால் கேட்டு வாங்கியவர் என்று காட்ட அங்கே ஆளே இல்லை.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு வீட்டைப் பார்த்தாலே போதும். நடுவில் வளவு, சுற்றிலும் பிள்ளைக்கு ஓர் அறை. கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள், ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. சிக்கனத்தை முதல் மாதத்திலேயே பழக்கிய நல்ல ஏற்பாடு அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் அடுப்பில் என்ன வேகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியேயும் அதே கதைதான்: பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்த பணத்தில் ஒருவர் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தினால், அடுத்தவர் இத்தாலிப் பளிங்கு இறக்கினார், பெல்ஜியம் கண்ணாடி மாட்டினார். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கிருந்த சொத்தையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. வருமானம் நின்ற பிறகும் எதிர்பார்ப்பு மட்டும் நிற்கவில்லை, நிலத்தை விற்று முறை செய்த குடும்பங்கள் எங்கள் பங்காளிகளிலேயே உண்டு.

அப்படிச் செய்த சாமான்களில் கொஞ்சம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். விலாசம் வெட்டிய பித்தளைச் சட்டி, அடி கறுக்கவே கறுக்காத கொப்பரை, ஒருநாளும் குழம்பு படாத எனாமல் தூக்கு. பரப்பின அன்றைக்கு வெளிச்சம் பார்த்தவை, அப்புறம் மேல்மாடி அறையில் பூட்டுப் போட்டு வைத்தவை.

சரி, அடுத்தவரைப் பார்த்து நடப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களைக் கேளுங்கள், தனியாக விட்டால் சிங்கம்புணரி தாண்டியிருக்க மாட்டோம், கூட்டம்தான் காலை இழுத்துக்கொண்டு போனது என்பார்கள். ஒன்பது நகரக் கோயில்களும் இன்றுவரை பளிச்சென்று நிற்பது ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், வரி கட்டுவதால்தான், பங்காளி கட்டும்போது நாம் கட்டாமல் இருக்கக் கூசும் என்பதால்தான். அங்கே எல்லோருக்கும் உண்மையிலேயே வேண்டியதை எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். கல்யாண வீட்டில் அப்படியா என்பதுதான் என் கேள்வி.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் செய்த கோடு சோதனையை உளவியல் படித்தவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்பது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் விசாரித்தால் சிலர் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள், சிலருக்குச் சரியான பதில் தெரியும், தனித்துத் தெரிய மனமில்லை. நமக்கு வேண்டிய செய்தி அதற்கு அடுத்தது: கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், தப்பு சுமார் கால் பங்காகக் குறைந்துவிட்டது. ஊரே மாற வேண்டியதில்லை, ஒருவர் வாய் திறந்தால் பக்கத்திலிருப்பவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது.

வரும் தையில் எங்கள் வளவில் ஒரு கல்யாணம் இருக்கிறது. கொடுக்கப்போகும் சாமான்களின் பட்டியலான முறைச்சிட்டையை எழுத உட்காரும் முன்பே சம்பந்தி வீட்டு ஆச்சியிடம் நேராகக் கேட்டுவிடுவது என்று பெண்ணின் அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்: "இது உங்களுக்கு வேணுமா, இல்ல எங்க மனசுக்காகச் சரிங்கிறீகளா?" மனசார வேண்டும் என்றால் குறைவில்லாமல் பரப்பிவிடுகிறோம். வேண்டாம் என்றால் அந்தப் பணம் பெண் பேரில் வங்கிக்குப் போகிறது. பெண்ணிடம் கேட்டாயிற்று, அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.