ஓட்டுநரை மட்டும் பார்க்கும் கேமரா

தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்-3 நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டும் நம்மவர்கள் சிலர், முகத்துக்கு நேரே பொருத்தப்படும் கேமராவை வெறுக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. இமை மூடுவதையும் கைபேசி எடுப்பதையும் அது கண்டுகொள்ளும், திடீர் பிரேக்கின் அதிர்வை உணர்ந்து அதற்கு முன்னும் பின்னுமான சில விநாடிகளைச் சேமித்தும் வைக்கும். ஆனால் அந்தச் சாலையிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாயின் மூடுபனியில் மினிபஸ் டாக்ஸி ஒன்று குறுக்கே பாய்ந்ததை, உள்நோக்கிய கேமரா மட்டும் இருந்தால், யாருக்கும் காட்டாது. சாலையை நோக்கிய கேமராவும் வேண்டுமென ஓட்டுநர்களே கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1995ஆம் ஆண்டு தொழிலாளர் உறவுச் சட்டப்படி பணிநீக்கத்துக்கு நியாயமான காரணமும் முறையான நடைமுறையும் தேவை. ஆகவே கேமரா பதிவை வைத்து நிறுவனம் நடத்தும் ஒழுங்கு விசாரணைக்குப் போகிறவர், மேலாளர் வெட்டித் தரும் துண்டுக் காட்சியோடு நின்றுவிடாமல், முழுப் பதிவையும் கேட்பது நல்லது.