தழை போட்ட தயிர் சாஸ்: பதம் பிடிபட்ட விதம்

குளிரக் குளிர, கெட்டியாக, தழை வாசம் தூக்கலாக இருக்கிற ஒரு சாஸை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று கொஞ்ச காலமாக முயன்று வருகிறேன். வேகவைத்த உருளைக்கிழங்கு, வறுத்த மீன், வெள்ளரித் துண்டு என்று எதற்கும் தொட்டுக்கொள்ளலாம். சுவை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. அடம்பிடித்தது பதம்தான். தயிர், பார்ஸ்லி, கொத்தமல்லி, பேசில், பூண்டு எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அரைத்தால் கிடைப்பது சாஸ் இல்லை, பச்சை மோர்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பால் உறையும்போது அதிலுள்ள புரதம் வலையாகப் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மிக்ஸி பிளேடு அந்தப் பின்னலை அறுத்துவிட்டால் பழைய கெட்டி திரும்பாது. அதனால் இப்போதெல்லாம் தயிரை மிக்ஸி பக்கமே கொண்டுபோவதில்லை. தழையை எண்ணெயோடு அரைத்துக்கொண்டு, தயிரைக் கடைசியில் கரண்டியால் கலக்கிறேன். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதி, தண்ணீரை வெளியேற்றுவது. 500 கிராம் கொழுப்பு எடுக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் கிண்ணத்தோடு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிடுகிறேன். காலையில் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். கரண்டியைக் குத்தினால் நிற்கும்.

அடுத்து நிறம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். தழையைப் பச்சையாக அரைத்தால், நசுங்கிய இடத்தில் நொதிகள் வேலையை ஆரம்பித்துவிடும். பேசில் கருத்துப்போவது இதனால்தான். அதற்கு வழி, கொதிக்கிற தண்ணீரில் 15 விநாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுவது. சூட்டில் நொதி செயலிழந்துவிடும். வெந்நீரில் விழுந்ததும் இலை ஒரு கணம் பளீரென்று கரும்பச்சைக்கு மாறும், பார்க்கவே அழகு. அப்புறம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிய வேண்டும். போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழிந்தால் இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வரும், அதையும் விடக்கூடாது.

பார்ஸ்லி, கொத்தமல்லி, பேசில் மூன்றுக்கும் இந்த முறை. சதகுப்பைத் தழையான டில்லையும், மெல்லிய வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸையும் வெந்நீரில் காட்டுவதில்லை. அவற்றின் வாசம் அந்தச் சூட்டுக்கே குறைந்துவிடுகிறது. நன்றாக உலர்த்தி, கூர்மையான கத்தியால் பொடியாக நறுக்கி அப்படியே சேர்க்கிறேன். டில் ஒரு சிட்டிகை கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்பதால், அதை மட்டும் கஞ்சத்தனமாகத்தான் போடுகிறேன்.

பிழிந்த தழையை 60 மில்லி எண்ணெயோடு அரைக்க வேண்டும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இங்கே வேண்டாம். மிக்ஸி வேகத்தில் அதன் கசப்பு தூக்கலாகிவிடும். வாசமில்லாத எண்ணெய் போதும். விட்டு விட்டு ஓட்டினால் சூடேறாது.

பூண்டுக்கு ஒரு நல்ல உத்தி கிடைத்தது. சின்னப் பல் ஒன்றை எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே நேராகத் துருவிவிடுவது. பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள நொதிதான் அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. புளிப்பு அந்த நொதியைத் தடுத்துவிடும். காரம் அடங்கி, வாசம் மட்டும் நிற்கும். இந்தச் சாற்றைக் கடைசியாகத்தான் சேர்க்கிறேன், ஏனென்றால் புளிப்பு பட்டால் பச்சையத்திலிருந்து மெக்னீசியம் விலகி, நிறம் மங்கிய ஆலிவ் பச்சைக்குப் போய்விடும். தயிரே புளிப்புதான் என்பதால் நாளாக ஆக எப்படியும் கொஞ்சம் மங்கும். பரிமாறும் அன்றே கலப்பது நல்லது.

மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு மயோனைஸ் சேர்த்தும் பார்த்தேன். வழவழப்பு கூடியது, தழையின் கூர்மை குறைந்தது. மீனுக்கு அது சரி, காய்கறிக்குத் தயிர் மட்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டிலேயே பச்சை மஞ்சள்கருவில் மயோனைஸ் செய்தால் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்க வேண்டாம், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

கலந்தபின் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். தழை வாசம் கொழுப்பில் இறங்க நேரம் வேண்டும். உப்பை அதற்குப் பிறகுதான் சரிபார்க்கிறேன். குளிர்ச்சியில் நாக்குக்கு உப்பு குறைவாகத் தெரியும், அறைச் சூட்டில் சரியாக இருந்தது இப்போது சப்பென்று இருக்கும்.

அடுத்த முறை தழை எண்ணெயை வடிகட்டி, எண்ணெயை மட்டும் தயிரில் சுழற்றிப் பார்க்கப் போகிறேன்.