வீட்டுக்கென்று எண் இல்லை

ஏப்ரல் 3

1973-இல் இதே நாளில்தான் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றபடி முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். அழைத்தது போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் பொறியாளரை. குசும்புக்காரர்! தொலைபேசி எண் இடத்துக்கு அல்ல, ஆளுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படியே ஆயிற்று. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு எண். வீட்டுக்கென்று ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6

அத்தை பேசினார். "உன் பொண்ணு குரலே எனக்கு மறந்துபோச்சுடா."

முன்பெல்லாம் மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். அப்பாவைத் தேடி அத்தை அழைக்கும்போது எடுப்பது பெரும்பாலும் நான். அப்பா மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பரீட்சை, பல்வலி, பக்கத்து வீட்டு நாய் வரை விசாரித்து முடித்திருப்பார். நடுவில் அம்மா வேறு ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வார். அத்தையோடு எனக்கு ஒட்டுதல் வந்தது இப்படித்தான், யாரும் திட்டம் போடாமல். இப்போது அவர் அழைப்பு நேரே என் சட்டைப்பையில் அடிக்கிறது. மகளுக்கு அவர், வாட்ஸாப் குழுவில் காலை வணக்கத்தோடு வரும் ஒரு பூப்படம்.

ஏப்ரல் 7

இன்றும் பூ. மகள் கட்டைவிரல் போட்டாள்.

ஏப்ரல் 11

பழைய போன் கதையை மகளிடம் சொன்னேன். "அப்போ ஃப்ரெண்டோட பேசுறதை எல்லாரும் கேப்பீங்களா?"

கேட்போம். போன் இருந்தது கூடத்தில். அக்கா வயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் கிசுகிசுப்பாள். அப்பா செய்தித்தாளைப் புரட்டாமலே பிடித்திருப்பார். அந்தக் காலம் திரும்ப வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டால் அடிக்க வருவாள்.

ஏப்ரல் 15

"உன் லாஸ்ட் சீன் ராத்திரி ரெண்டு மணின்னு காட்டுதே, தூக்கம் வரலையா?" கேட்டது அம்மா. படுப்பது அடுத்த அறையில்! 2014-இல் நீல டிக் வந்த பிறகு, படித்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் அம்பலம். அணைத்து வைக்கலாம்தான், வைத்தால் எதை மறைக்கிறாய் என்று அதற்கொரு விசாரணை. ஒட்டுக்கேட்பது ஒழியவில்லை, காதிலிருந்து கண்ணுக்கு மாறியிருக்கிறது.

ஏப்ரல் 19

அத்தை அழைத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, மகள் முன்னால் வைத்துவிட்டுச் சார்ஜர் தேடப் போனேன். (எங்கே இருக்கிறது என்று தெரியும்.) திரும்பி வந்தால், என் அப்பா சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த கதை ஓடுகிறது, இருவரும் ஒரே சிரிப்பு.

வைத்த பிறகு மகள் சொன்னாள்: "ஸ்பீக்கர்ல போட்டா முதல்லயே சொல்லுப்பா. பாட்டிக்கும் சொல்லணும்ல?"

உன் எண்ணை அவருக்குக் கொடுக்கட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"கொடு. ஆனா கூப்பிடுறதுக்கு முன்னாடி மெசேஜ் போடச் சொல்லு."